சென்னைப் பெருநகர்: ஊர்கள் கூடி உருவான ஊர்

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரியது.

நம்மூரில் ஒருவர் “மகன் சென்னையில் இருக்கிறான்” என்று சொன்னால், அம்மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது அச்சொல்லால் விளங்கிவிடுவதில்லை. அது தாம்பரமாக இருக்கலாம். ஆவடியாகவோ, அம்பத்தூராகவோ, செங்குன்றமாகவோ இருக்கலாம். தாம்பரமும் ஆவடியும் இன்று தனித்தனி மாநகராட்சிகள். ஆயினும் அங்கே வாழ்வோரும், இங்கிருந்து அவர்களைக் காணச் செல்வோரும் அத்தனை ஊர்களையும் சென்னை என்ற ஒரே பெயரால்தான் வழங்குகின்றனர்.

கல்விக்காகவும் தொழிலுக்காகவும் நம் வட்டாரத்திலிருந்து அங்கே சென்று குடியேறியவர்கள் உண்டு. கடல் கடந்து ஈட்டிய பொருளைக் கொண்டு அங்கே மனை வாங்கியவர்களும் உண்டு. ஆகவே அப்பெருநகர் எவ்வாறு உண்டாயிற்று, அதன் நிலம் எத்தகையது, அதன் மக்கள் எத்தனை பேர், அதன் எல்லை எதுவரை என்பனவற்றை அறிந்துகொள்வது நமக்கு வெறும் வரலாற்று அறிவு மட்டுமன்று. நம் வாழ்வோடும் பொருளோடும் தொடர்புடைய செய்தியுமாகும்.

ஒரு பெயர், நான்கு எல்லைகள்

சென்னை என்ற ஒரு பெயருக்கு இன்று நான்கு எல்லைகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறியாமல் மக்கட்தொகையைப் பற்றிப் பேசினால் குழப்பமே மிஞ்சும்.

முதலாவது, மாநகராட்சி எல்லை. 2011ஆம் ஆண்டு வரை சுமார் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி, அவ்வாண்டில் 9 நகராட்சிகளையும் 8 பேரூராட்சிகளையும் 25 ஊராட்சிகளையும் தன்னுள் இணைத்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. சென்னை மாவட்டத்தின் எல்லையும் 2018இல் இந்த அளவிற்கு நீட்டப்பட்டது.

இரண்டாவது, மக்கட்தொகைக் கணக்கெடுப்பார் வகுக்கும் எல்லை. ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிட்ட நகரங்களை ஒரே தொகுதியாகக் கொண்டு அவர்கள் எண்ணுகின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தொகுதியில் வாழ்ந்தவர்கள் சுமார் 86 லட்சத்து 50 ஆயிரம் பேர்.

மூன்றாவது, சென்னைப் பெருநகர்ப் பகுதி. 1970களில் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்பட்டபோது அதன் பொறுப்பில் விடப்பட்ட நிலப்பரப்பு இது. இதன் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2011க்கு முன்னர் இதனுள் ஒரு மாநகராட்சியும் 16 நகராட்சிகளும் 20 பேரூராட்சிகளும் 214 ஊராட்சிகளும் அடங்கியிருந்தன. இதனுள் இருந்த ஆவடி 2019இலும், தாம்பரம் 2021இலும் மாநகராட்சிகளாயின. 2022 ஜனவரியில் இவ்விரண்டிற்கும் தனித்தனிக் காவல் ஆணையரகங்களும் ஏற்பட்டன.

நான்காவது, 2022 அக்டோபரில் அரசாணையால் விரிக்கப்பட்ட பெருநகர்ப் பகுதி. இதன் பரப்பு 5,904 சதுர கிலோமீட்டர். சென்னை மாவட்டம் முழுவதும், திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பகுதிகளும், இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த அரக்கோணம் பகுதியும் இதனுள் வருகின்றன.

இவ்வெண்கள் நமக்குத் தெளிவாக விளங்க வேண்டுமாயின் நம் மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பெரம்பலூர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,757 சதுர கிலோமீட்டர். 2011இல் அதன் மக்கட்தொகை 5,65,223. பழைய பெருநகர்ப் பகுதியோ நம் மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிலமே கொண்டது. அதில் வாழ்ந்தவர்களோ நம்மைப்போல் 15 மடங்கிற்கும் அதிகமானோர். நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 322 பேர் வாழ்ந்தபோது, அன்றைய சென்னை மாவட்டத்தில் அதே அளவு நிலத்தில் 26 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2022இல் விரிக்கப்பட்ட எல்லையோ, பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களையும் சேர்த்தாலும் அவற்றைப்போல் ஒன்றரை மடங்கிற்கும் மேல் பரந்தது.

நிலமும் நீரும்

சென்னை அமைந்திருப்பது வங்கக் கடலோரத்துச் சமவெளி. பரங்கிமலை, பல்லாவரம், வண்டலூர் முதலிய இடங்களிலுள்ள சிறு குன்றுகளை நீக்கிப் பார்த்தால், நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உடையது. வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கலக்கிறது. நடுவே கூவமும், தெற்கே அடையாறும் கடலை அடைகின்றன. கடலுக்கு இணையாகப் பக்கிங்காம் கால்வாய் இம்மூன்றையும் குறுக்கே வெட்டிச் செல்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பெய்யும் நீரைத் தேக்கி மெல்ல மெல்லக் கடலுக்கு விடும் இயற்கைத் தொட்டியாக விளங்கி வந்தது. 2022இல் இதற்கு ராம்சார் தலம் என்னும் பன்னாட்டு அங்கீகாரம் கிடைத்தது.

ஆண்டொன்றிற்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை அங்கே பெய்கிறது. இது குறைவான மழையன்று. ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சரிவில்லாத நிலத்தில், சில நாள்களில் கொட்டும் மழையைப் பிடித்து வைப்பதற்காகவே முன்னோர்கள் ஏரிகளைச் சங்கிலிபோல் தொடுத்து வைத்தனர். ஓர் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். இந்த ஏற்பாட்டை ஏரிப்பாசனத்தில் பழகிய நம் வட்டார விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நகரம் வளர வளர அச்சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பேரேரி, 1920களிலும் 1930களிலும் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரும் அதனைச் சுற்றிய பகுதிகளும் எழுந்தன. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரி போயிற்று, ஆனால் அதற்குள் ஓடி வந்த நீர் தன் வழியை மறக்கவில்லை.

ஒருபுறம் மழைநீரை வெளியேற்ற வழியில்லாத அதே நகரம், மறுபுறம் குடிநீருக்கு வெளியூர்களை எதிர்பார்க்கிறது. செம்பரம்பாக்கம், புழல், சோழவரம் ஏரிகளும் 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும் போதாமற்போகவே, 1996இல் ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் வந்தது. 2004இல் வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவிற்குக் குழாய் வழியாக நீர் சென்றது. 2010இல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியது. இவ்வளவிற்குப் பின்னரும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுசெல்ல நேர்ந்தது.

இதில் நமக்குரிய பங்கையும் கவனிக்க வேண்டும். வீராணத்திற்கு நீர் வருவது கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து. அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக ஓடும் அதே கொள்ளிடந்தான் அது. அரியலூர்ச் சீமையின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி, பெருநகரங்களின் கட்டடங்களாக எழுகின்றது. பெருநகரம் தன் எல்லைக்குள் உள்ளதைக் கொண்டு மட்டும் வாழ்வதில்லை. தொலைவிலுள்ள ஊர்களின் நீரையும் கல்லையும் மக்களையும் கொண்டே வாழ்கிறது.

கோட்டையும் கிராமங்களும்

1639ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடாத்திரி என்னும் நாயக்கரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் கடற்கரையில் ஒரு மணல்திட்டைப் பெற்றனர். அடுத்த ஆண்டில் அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. அக்கோட்டையையே சென்னையின் தொடக்கம் என்று பலரும் எழுதுவர். கோட்டைக்கு அது தொடக்கம், ஊருக்கு அன்று. கோட்டை எழுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் மக்கள் நிறைந்த ஊர்களாக விளங்கின. சாந்தோமில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறியிருந்தனர்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவல்லிக்கேணி கம்பெனியார் வசமாயிற்று. 1688இல் மாநகராட்சி ஏற்பட்டது. 1693இல் எழும்பூரும் புரசைவாக்கமும் தண்டையார்பேட்டையும் சேர்ந்தன. 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி முதலிய ஐந்து கிராமங்கள் சேர்ந்தன. 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டை உண்டாக்கப்பட்டது. 1742இல் வேப்பேரியும் பெரம்பூரும் சேர்ந்தன. 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் இழந்த நகரம் 1749இல் திரும்பக் கிடைத்தபோது, சாந்தோமும் மயிலாப்பூரும் அதனோடு இணைக்கப்பட்டன.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் பொருத்தம். தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைத் ‘தொண்டியார்’ என்று மக்கள் அழைத்ததால் தண்டையார்பேட்டை என்னும் பெயர் வந்தது என்று நம்மவர் பலரும் கூறுவதுண்டு. அவர்கள் பிறந்தது 1792இல், மறைந்தது 1838இல். அப்பெயரோ 1693ஆம் ஆண்டுச் செய்திகளிலேயே காணப்படுகிறது. அப்பெரியாரின் சிறப்பிற்கு ஓர் ஊரின் பெயர் சான்றாக வேண்டியதில்லை. அவர்களுடைய பாடல்களே போதும். வரலாற்றை நாம் எழுதும்போது ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தே எழுத வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்கிறோம்.

வாலிகண்டபுரமும் சேப்பாக்கமும்

சென்னையின் வளர்ச்சிக்கும் நம்மூருக்கும் உள்ள பழைய தொடர்பு ஒன்றுண்டு. ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் 1749இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டபின், அவர் மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்தார். பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபு நவாபுப் பட்டத்திற்குப் போட்டியிட்டார். 1751ஆம் ஆண்டில் இவ்விரு தரப்பினரும் மோதிய இடம் நம் வாலிகண்டபுரத்துப் பகுதிதான். அருகிலுள்ள இரஞ்சன்குடிக் கோட்டை அக்காலத்தின் சாட்சியாக இன்றும் நிற்கிறது. அம்மோதலில் முஹம்மது அலியின் படையும் அவருக்குத் துணை நின்ற கம்பெனிப் படையும் பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றன.

ஆனால் விரைவிலேயே காற்று திசை மாறியது. கம்பெனியார் ஆர்க்காட்டைக் கைப்பற்றிக் காத்துக்கொண்டனர். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். முஹம்மது அலி வாலாஜா நவாபாக நிலைபெற்றார். அவர் ஆர்க்காட்டில் தங்காமல், கம்பெனியாரின் கோட்டைக்கு அருகே சேப்பாக்கத்தில் மாளிகை கட்டி 1768இல் அங்கே அமர்ந்தார். நவாபைத் தொடர்ந்து ஆலிம்களும் எழுத்தர்களும் மருத்துவர்களும் படைவீரர்களும் வணிகர்களும் வந்தனர். திருவல்லிக்கேணியும் இராயப்பேட்டையும் அவர்களால் நிறைந்தன. 1795இல் கட்டப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் அக்குடியேற்றத்தின் நினைவுச் சின்னமாகும். கோட்டையைச் சுற்றிய வணிக ஊர் ஒன்றும், நவாபின் ஊர் ஒன்றும், கோயிலைச் சுற்றிய மயிலாப்பூர் ஒன்றும் எனத் தனித்தனியே இருந்தவை காலப்போக்கில் ஒன்றாயின.

தலைக்கணக்கு சொல்லும் செய்தி

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கட்தொகை சுமார் 4 லட்சம். 1901இல் அது 5 லட்சத்து 9 ஆயிரம். அடுத்த இருபது ஆண்டுகளில் 20 ஆயிரம் பேர்கூடக் கூடவில்லை. 1941இல் 7 லட்சத்து 77 ஆயிரமாக இருந்தது, 1951இல் 14 லட்சத்து 16 ஆயிரமாயிற்று. பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு! புதிய பகுதிகள் நகரோடு சேர்க்கப்பட்டதும், கிராமங்களிலிருந்து மக்கள் வேலை தேடி வந்ததும் இதற்குக் காரணங்கள்.

1971க்குப் பின் கணக்கின் போக்கு மாறுகிறது. அவ்வாண்டில் பெருநகர்ப் பகுதி முழுவதிலும் வாழ்ந்தவர்கள் 35 லட்சம் பேர். அவர்களுள் 26 லட்சம் பேர், அதாவது நால்வரில் மூவர், நகருக்குள் இருந்தனர். 2001இல் பெருநகர்ப் பகுதியின் மக்கட்தொகை 70 லட்சமாயிற்று. அவர்களுள் நகருக்குள் இருந்தவர்கள் 43 லட்சம் பேர். எஞ்சிய 27 லட்சம் பேர் நகரின் எல்லைக்கு வெளியே இருந்தனர். 2001க்கும் 2011க்கும் இடையே பழைய நகருக்குள் கூடியவர்கள் 3 லட்சம் பேர் மட்டுமே. பெருநகரில் கூடிய மற்றவர்கள் அனைவரும் புறநகர்களில் கூடியவர்கள். அதாவது, சென்னை வளர்ந்தது சென்னைக்கு வெளியே.

இவ்வாறு வெளியே வளர்ந்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரத்தில் குடியிருந்து நகரில் வேலை பார்ப்பது அன்று முதல் இயல்வதாயிற்று. 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தன. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழில் ஓங்கியது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் ஆம்பூர், வாணியம்பாடி வணிகர்கள் இடம்பெற்றனர். 1990களின் இறுதியில் திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் கார்த் தொழிற்சாலைகளும், 2000ஆம் ஆண்டு முதல் பழைய மாமல்லபுரச் சாலையில் கணினி நிறுவனங்களும் பெருகின. வேலை எங்கே சென்றதோ அங்கே மனிதன் சென்றான். வாடகை எங்கே குறைவோ அங்கே குடியேறினான்.

எல்லைக்கோடு பின்னால் வருகிறது

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. மக்கள் முன்னே செல்கின்றனர். எல்லைக்கோடு பின்னே வருகிறது. 1978இல் வேளச்சேரி, திருவான்மியூர் முதலிய பகுதிகளைச் சேர்த்து விரிந்த மாநகராட்சி, மீண்டும் விரிந்தது 2011இல்தான். இடைப்பட்ட 33 ஆண்டுகளில் எல்லைக்கு வெளியே வீடு கட்டியவர்கள் எண்ணிறந்தோர். 1,189 சதுர கிலோமீட்டர் என்று 1970களில் வரையப்பட்ட பெருநகர் எல்லை 2022இல்தான் மாற்றப்பட்டது.

நம் போன்ற ஊரார்க்கு இதனை எளிதில் விளக்கும் சான்று பேருந்து நிலையமாகும். பெரம்பலூருக்கு இரயில் நிலையம் இல்லாமையால் நாம் சென்னைக்குச் செல்வது பெரிதும் நெடுஞ்சாலை வழியாகவே. முன்னர் நம் பேருந்துகள் கோட்டைக்கு அருகிலுள்ள பிராட்வே வரை சென்றன. 2002இல் அவை கோயம்பேட்டோடு நின்றன. 2023 டிசம்பர் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அது சென்னை மாநகராட்சியிலும் இல்லை. சென்னை மாவட்டத்திலும் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. கோட்டையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் அதுவே சென்னையின் பேருந்து முனையம். அங்கு இறங்கியபின் மகன் வீட்டிற்கு இன்னும் எத்தனை நேரம் செல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தே நம் பெரியவர்கள் பெருநகரின் பரப்பை அளந்து கொள்கின்றனர்.

பிற நாடுகளில்

பல ஊர்கள் கூடி ஒரு பெருநகராவது சென்னைக்கு மட்டும் உரியதன்று. எகிப்தின் கெய்ரோ இதற்குப் பழைய சான்று. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், 641ஆம் ஆண்டளவில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நைல் நதிக்கரையில் ஃபுஸ்தாத் என்னும் ஊரை அமைத்தார்கள். அப்பாஸியர் அதன் வடக்கே அல்அஸ்கர் என்னும் ஊரை அமைத்தனர். பின்னர் இப்னு தூலூன் அல்கதாயிஃ என்னும் ஊரை எழுப்பினார். 969இல் ஃபாத்திமியர் அல்காஹிரா என்னும் அரச நகரைக் கட்டினர். சுல்தான் ஸலாஹுத்தீன் இவற்றை ஒரே மதிலுக்குள் அடக்க முற்பட்டார். நான்கு ஊர்களும் இன்று ஒரே பெருநகருக்குள் கலந்துவிட்டன.

நம் காலத்துச் சான்று இந்தோனேசியத் தலைநகர்ப் பகுதி. ஜகார்த்தா, போகோர், தெப்போக், தங்கராங், பெகாசி என்னும் நகரங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜபோதெதாபெக்’ என்று அதற்குப் பெயரிட்டுள்ளனர். ஜகார்த்தா நகருக்குள் வாழ்பவர்கள் ஒரு கோடிக்குச் சற்றே மேற்பட்டோர். ஆனால் சுற்றிலும் ஒட்டி வளர்ந்த நகர்களையும் சேர்த்து எண்ணிய ஐக்கிய நாடுகள் அவை, 2025ஆம் ஆண்டு அறிக்கையில் ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் என்று கணக்கிட்டு, உலகிலேயே மக்கள் மிகுந்த நகரம் இதுவே என்றது. நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் அந்நகரின் நிலம் தாழ்ந்துகொண்டே செல்கிறது. தலைநகரையே வேறு தீவிற்கு மாற்ற 2022இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. நிலத்தின் இயல்பை மறந்து வளரும் நகருக்கு இது ஒரு பாடம்.

கோட்டிற்கு வெளியே வாழ்வோர்

ஜமாஅத்தார்களே! எல்லைக்கோடு பின்னால் வருகிறது என்றோம். அக்கோடு வந்து சேரும்வரை அதற்கு வெளியே வாழ்பவர்களின் நிலை என்ன? நகரத்தின் நெரிசல் அவர்களுக்கு உண்டு. நகரத்தின் வசதி இல்லை. வீடு வந்துவிடும், குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வழியும் பல ஆண்டுகள் கழித்தே வரும். 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாறு கரைபுரண்டபோது, நகருக்குள் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியது போலவே, புறநகரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அன்று பள்ளிவாசல்கள் சமயம் பாராது கதவைத் திறந்து மக்களுக்கு அடைக்கலமும் உணவும் தந்ததை நாடறியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணையைச் சுற்றிய பகுதிகள் நீரில் நின்றன.

நகருக்குள் விலை கொடுக்க இயலாதவரும் அண்மையில் வந்து சேர்ந்தவருமே பெரும்பாலும் இந்த விளிம்பில் குடியேறுகின்றனர். நம் வட்டாரத்தவரும் அவர்களுள் அடங்குவர். 2022இல் எல்லை விரிந்தபின், இதுவரை வயலாக இருந்த எத்தனையோ கிராமங்களில் மனைகள் விலை பேசப்படுகின்றன. பாலைவன வெயிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு அங்கே மனை வாங்குவோர், சாலைக்கும் இரயில் நிலையத்திற்கும் எத்தனை தொலைவு என்று மட்டும் கேட்டல் போதாது. அந்நிலம் முன்னர் என்னவாக இருந்தது, ஏரியின் நீர்ப்பிடிப்பா, கலங்கலின் வழியா, ஓடைப் புறம்போக்கா என்று வருவாய்த்துறைப் பதிவேட்டையும் பழைய வரைபடத்தையும் பார்த்தல் வேண்டும். மனைப்பிரிவிற்கு உரிய அங்கீகாரம் உண்டா என்று உறுதி செய்தல் வேண்டும். கோடையில் பார்த்த மனையை மழைக்காலத்தில் ஒருமுறை சென்று பார்த்தபின் முன்பணம் கொடுத்தல் நன்று.

இன்னொன்று, மய்யித்தை அடக்குவதற்குரிய இடம். புதிதாகக் குடியேறிய பகுதிகளில் தொழுவதற்கு ஓர் இடம் எப்படியோ அமைந்துவிடுகிறது, கபரஸ்தான் அமைவதில்லை. மவுத்து நேர்ந்தபின் எந்த ஜமாஅத்தைக் கேட்பது, எங்கே அடக்குவது என்று குடும்பத்தார் கலங்குவதைவிட, குடியேறிய உடனேயே அங்குள்ள மஹல்லா ஜமாஅத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்வது நம்மவர் கடமை.

தலைக்கணக்கைப் பற்றியும் ஒரு சொல். 2021இல் நடைபெற வேண்டிய மக்கட்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளை ஆதாரமாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. இக்கட்டுரையில் 2011ஆம் ஆண்டு எண்களையே நாம் பெரிதும் எடுத்தாண்டிருப்பதன் காரணமும் இதுவே. கணக்கெடுப்பில் ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார். பெருநகரின் விளிம்பில் வாழ்பவர் “எங்கள் ஊர் வாலிகண்டபுரம்” என்று சொல்லி அங்கே கணக்கில் சேராமல், இங்கேயும் வீடு பூட்டிக் கிடந்தால், அவர் எங்குமே இல்லாதவராகிவிடுவார். குடிநீரும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தலைக்கணக்கைப் பார்த்தே வகுக்கப்படுகின்றன என்பதை மறத்தலாகாது.

முஸ்லிம்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், அவ்வாறு எழுதியபோது ஆயிரத்து ஐந்நூறு ஆண்கள் இருந்ததையும் ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தம் மக்களின் எண்ணிக்கையை அறிந்திருத்தல் ஒரு சமுதாயத்தின் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நம் ஜமாஅத்தும் தன் பதிவேட்டில் ஊரில் இருப்போர், வெளியூர் சென்றோர் என்று பிரித்து, சென்றவர் எந்த ஊரில், எந்த மஹல்லாவில் இருக்கிறார் என்பதையும் எழுதி வைத்தல் நலம். வெறுமனே ‘சென்னை’ என்று எழுதினால் போதாது என்பது இக்கட்டுரையைப் படித்தோர்க்கு விளங்கியிருக்கும்.

ஊர்களால் ஆனதே பெருநகரம். அதில் சென்று சேர்ந்த நம் மக்கள் அங்கும் எண்ணப்பட்டவர்களாக, இங்கும் நினைக்கப்பட்டவர்களாக வாழ வேண்டும். அவர்கள் குடியேறிய இல்லங்களை வெள்ளத்திலிருந்தும் வறட்சியிலிருந்தும் காத்து, இருக்கும் ஊருக்கும் பிறந்த ஊருக்கும் பயனுள்ளவர்களாக அவர்களை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.